களைப்புக்கு எந்த இரத்தப் பரிசோதனை? எஃப்.பி.சி. போதுமா, ஃபெரிட்டினா, ஹோர்மோனா, முழு பெக்கேஜா?

கொழும்பில் எஃப்.பி.சி., அதாவது இரத்த அணுக்களை எண்ணுகிற டெஸ்ட், தெரியாத வீடு கிடையாது. டெங்கு படிப்பித்த பாடம் அது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் லாபுக்கு ஓடுகிறோம். ரிப்போர்ட் வந்ததும் கண் நேரே பிளேட்லெட் வரிக்குப் போகும். எண் சரியென்றால் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவோம். அதே தாளில் ஹீமோகுளோபின், எம்.சி.வி., ஆர்.டி.டபிள்யூ. என்று நாலைந்து வரிகள் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும். நான் பல வருடம் லாபில் எம்.எல்.டி. ஆக, அதாவது இரத்தம் சோதிக்கிற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக, வேலை செய்தவள். வேலையை விட்ட பிறகும் ஆட்கள் ரிப்போர்ட்டுகளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். இப்போது வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த வரிகளைப் பற்றியவைதான்.

ஒன்றை அப்படியே தருகிறேன். வெள்ளவத்தையில் இருக்கிற ஆசிரியை, வயது 34. "அக்கா, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பின்னேரம் கொப்பி திருத்தும்போது தூங்கி விழுகிறேன். தலைமுடி சீப்போடு வருகிறது. எஃப்.பி.சி. செய்தேன், ஹீமோகுளோபின் 12.3, நோர்மல் என்றார்கள். மச்சாள் தைரொயிட் பார் என்கிறா. கூடப் படிப்பிக்கிற மிஸ் ஹோர்மோன் எல்லாம் பார் என்கிறா. ஆஸ்பத்திரி லீஃப்லெட்டில் 42 டெஸ்ட் பெக்கேஜ் கழிவு விலையில் போட்டிருக்கிறது. எதைச் செய்ய?"

இதே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே: சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த டெஸ்ட் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே வைத்தியரிடம் போங்கள். கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கிளினிக்கே சரியான இடம்.

## எதை வைத்து எடை போடுவது

ஒரு டெஸ்டுக்குக் காசு கட்ட முன் நான் நாலு கேள்வி கேட்பேன்.

முதலாவது, விடை எப்படி வந்தாலும் நான் அடுத்துச் செய்யப்போவது மாறுமா? மாறாதென்றால் அந்த டெஸ்ட் வெறும் அலங்காரம்.

இரண்டாவது, அந்த எண் எவ்வளவு சுலபமாக ஏமாற்றும்? நேற்றைய காய்ச்சல், காலையில் போட்ட குளிசை, மாதவிடாயின் எத்தனையாம் நாள் என்பதெல்லாம் எண்ணை ஆட்டுமா?

மூன்றாவது, ரசீதில் இல்லாத செலவு. ரிப்போர்ட்டை வாசிக்க ஒரு டொக்டரை சனல் பண்ணும் காசு, அரை நாள் லீவு, ஒரு எண் கொஞ்சம் விலகியதால் திரும்பச் செய்கிற டெஸ்ட், அதுவரை போகிற நித்திரை.

நாலாவது, உங்கள் வயதும் உடம்பும். 28 வயதுப் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியதும் 58 வயது ஆணுக்கு முதலில் பார்க்க வேண்டியதும் ஒன்றல்ல.

விலைகளை நான் எழுதவில்லை. லாபுக்கு லாப் வேறு, மாதத்துக்கு மாதம் வேறு. தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது: எஃப்.பி.சி. மலிவு, இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் தைரொயிட்டைப் பார்க்கிற டி.எஸ்.எச். உம் அதைவிடப் பல மடங்கு, ஹோர்மோன்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காசு.

## எஃப்.பி.சி. மட்டும்

மலிவு, அன்றைக்கே ரிப்போர்ட், எந்தச் சந்தியிலும் செய்யலாம். இரத்தச்சோகை இருக்கிறதா என்பதற்கு இதுதான் விடை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம், ஆணுக்கு 13. இதற்குக் கீழே போனால் சோகை.

சிக்கல் அதற்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். உடம்பில் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் விழும். வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஹீமோகுளோபின் என்பது பானையில் வெந்திருக்கிற சோறு. ஃபெரிட்டின் என்பது மூலையில் நிற்கிற அரிசிச் சாக்கு. சாக்கு அடி தட்டுகிற நாளிலும் அன்றைய பானை நிறைந்துதான் இருக்கும். பானையை மட்டும் எட்டிப் பார்த்தவர் 'வீட்டில் குறை ஒன்றுமில்லை' என்று போய்விடுவார். 12.3 என்ற அந்த ஆசிரியையின் எண் சொன்னதும் அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தத் தாளைக் கவனமாக வாசித்தால் கூடுதலாக ஒன்றிரண்டு சங்கதி கிடைக்கும். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் அளவு. 80 க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் குறையாக இருக்கலாம், தலசீமியாக் காவியாகவும் (தனக்கு நோய் இல்லாமல், பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்) இருக்கலாம். இலங்கையில் இந்த இரண்டாவதை மறக்கக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு உண்டு, மென்ட்சர் கணக்கு என்பார்கள்: எம்.சி.வி. யை சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எம்.சி.வி. 72, சிவப்பணு 4.1 என்றால் விடை ஏறத்தாழ 17.6. அது இரும்புக் குறையின் பக்கம். எம்.சி.வி. 66, சிவப்பணு 5.6 என்றால் 11.8. 13 க்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவி என்ற சந்தேகம். இது சந்தேகம் மட்டும்தான். உறுதிப்படுத்த எச்.பி.எல்.சி. என்ற வேறு டெஸ்ட் வேண்டும், அதையும் இரும்புக் குறை இல்லாத நேரத்தில் செய்வதே நல்லது, இரும்புக் குறை அதில் பார்க்கிற ஹீமோகுளோபின் ஏ2 எண்ணையும் கீழே இழுக்கும். 'எனக்கு எப்பவும் கொஞ்சம் இரத்தம் குறைவு' என்று வருடக்கணக்காக இரும்புக் குளிசை விழுங்குகிற காவிகளை நான் கண்டிருக்கிறேன். கலியாணம் பேசுகிற வயதென்றால் இந்த விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் காவியாக இருந்தால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு.

இன்னொரு பொறி. மச்சம் தொடாத வீடுகளில் இரும்பும் விட்டமின் பி.12 உம் சேர்ந்தே குறையலாம். ஒன்று அணுவைச் சிறுக்க வைக்கும், மற்றது பெருக்க வைக்கும். சராசரி எம்.சி.வி. 'நோர்மல்' என்று வந்து நிற்கும். அங்கே காட்டிக்கொடுப்பது, அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்கிற ஆர்.டி.டபிள்யூ. தான், அது ஏறியிருக்கும். சீனி வருத்தத்துக்கு நீண்டகாலம் மெட்ஃபோர்மின் எடுக்கிறவர்களுக்கும் பி.12 குறையலாம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பி.12 ஐ ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

எஃப்.பி.சி. மட்டும் போதுமான இடம்: கையில் காசு இறுக்கம், அறிகுறிகள் புதிது, முதலில் சோகை இல்லையென்று தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு ஹீமோகுளோபின் ஏற்கனவே விழுந்து, சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கும் இதுவே போதும்.

## எஃப்.பி.சி. உடன் ஃபெரிட்டின்

மாதவிடாய் வருகிற வயதில், விளங்காத களைப்போடு இருக்கிற பெண்ணுக்கு முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஊசிக் குத்து, இரண்டு குழாய்: ஊதா மூடிக் குழாய் எஃப்.பி.சி. க்கு, சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய் ஃபெரிட்டினுக்கு. வெறும் வயிறு தேவையில்லை. பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியிலும் கொடுக்கலாம்.

எண்ணை வாசிப்பதில்தான் சண்டை. உலக சுகாதார நிறுவனம் சுகமாக இருக்கும் பெரியவர்களுக்கு லீற்றருக்கு 15 மைக்ரோகிராம் என்று எல்லை போட்டிருக்கிறது. 15 க்குக் கீழே என்றால் சாக்கு வெறுமை, பேச்சே இல்லை. ஆனால் பிரிட்டன் வழிகாட்டிகளில் 30 க்குக் கீழேயே இரும்புக் குறை என்று எடுக்கிறார்கள், பல வைத்தியர்கள் இங்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டின் வலப்பக்கம் அச்சடித்த வீச்சோ 10 இலோ 13 இலோ தொடங்கும். அந்த வீச்சுகள் பொதுவாகப் பெண்களைச் சோதித்துப் போட்டவை. அந்தப் பெண்களிலேயே எத்தனை பேருக்குச் சாக்கு காலியோ! ஆகவே 17 என்று வந்து பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லாவிட்டாலும் 'நோர்மல்' என்று தாளை மடிக்காதீர்கள். சில லாப்கள் மில்லிலீற்றருக்கு நானோகிராம் என்று போடும். அலகு வேறு, எண் அதேதான்.

சோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்தால் களைப்பு வருமா? 2012 இல் வெளியான ஒரு ஆய்வில், ஹீமோகுளோபின் 12 க்கு மேலும் ஃபெரிட்டின் 50 க்குக் கீழும் இருந்த, களைப்பு என்று வந்த 198 பெண்களில் பாதிப் பேருக்கு 12 கிழமை இரும்பும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். களைப்பின் மதிப்பெண் இரும்பு எடுத்தவர்களில் ஏறத்தாழ 48 வீதம் இறங்கியது. வெற்றுக் குளிசையில் 29 வீதம். இரும்பு வேலை செய்கிறது என்பதையும், வெறும் குளிசைக்கே களைப்பு கணிசமாக இறங்குகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஃபெரிட்டின் 45 வந்த ஒருவர் 'இதுதான் எல்லாத்துக்கும் காரணம்' என்று கிளம்பினால் நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது அதனால்தான். 9 வந்தவரிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த டெஸ்ட் ஏமாற்றுகிற விதம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். காய்ச்சல், தொற்று, மூட்டு வாதம், ஈரல் கொழுப்பு, மதுபானம் எல்லாம் ஏற்றும். டெங்குக் காய்ச்சலில் நன்றாகவே ஏறும். டெங்கு வந்து எழும்பி, 'உடம்பு இன்னும் தேறவில்லை, எல்லாத்தையும் பார்ப்பம்' என்று அடுத்த கிழமையே ஃபெரிட்டின் செய்கிறவர்கள் கொழும்பில் நிறைய. 180 என்று வரும், இரும்பு தாராளம் என்று நினைப்பார்கள். சாக்கு நிறைந்ததால் அல்ல, அறையைப் பூட்டிவிட்டதால் வந்த எண் அது. நாலைந்து கிழமை விட்டுச் செய்யுங்கள். விட முடியாதென்றால் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. யையும் அதே குழாயில் கேளுங்கள். சி.ஆர்.பி. ஏறியிருந்தால் ஃபெரிட்டின் எல்லையும் ஏறும், அந்த நிலையில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 70. மறுபக்கம் இன்னும் நல்ல செய்தி: ஃபெரிட்டின் பொய்யாகக் குறைவது அபூர்வம். குறைவாக வந்தால் அநேகமாக அது உண்மை. விதிவிலக்கு முடிக்குப் போடுகிற விட்டமின் பயோட்டின், அதைக் கீழே சொல்கிறேன்.

ரசீதில் இல்லாத செலவு இங்கே ஒன்று உண்டு. குறைவு என்று வந்தால் கதை முடிவதில்லை, இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும். இளம் பெண்ணென்றால் பெரும்பாலும் மாதவிடாய், சிலவேளை சாப்பாடு. ஆண் என்றாலோ, மாதவிடாய் நின்ற பெண் என்றாலோ குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அஸ்பிரின், முழங்கால் நோவுக்கு விழுங்குகிற டைக்ளோஃபெனாக், வயிற்றுப் புண், மூலம், அரிதாகப் புற்றுநோய். 60 வயது மாமாவுக்கு ஃபெரிட்டின் 8 என்றால் அவருக்குத் தேவை குளிசைப் போத்தல் மட்டுமில்லை, அநேகமாக எண்டொஸ்கோப்பி. இந்த இடத்தில் மட்டும் நான் கண்டிப்பான ஆள்.

## சீரம் அயன், டி.ஐ.பி.சி. எல்லாம் அடங்கிய இரும்புப் பட்டியல்

பெயரைப் பார்த்தால் இதுதான் இரும்பு டெஸ்ட் என்று தோன்றும். சீரம் அயன் என்பது அந்த நிமிடம் இரத்தத்தில் ஓடுகிற இரும்பு, சுண்டில் அள்ளி எடுத்துப்போகிற அரிசி மாதிரி. காலையில் ஒரு எண், பின்னேரம் இன்னொன்று. காலையில் இரும்புக் குளிசை போட்டுவிட்டு வந்தால் வானத்துக்கு ஏறும், தடிமன் காய்ச்சல் என்றால் தரைக்கு விழும். சீரம் அயன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது பயனில்லாத வேலை.

இந்தப் பட்டியலில் உருப்படியானது இரும்பை டி.ஐ.பி.சி. யால் (இரத்தம் மொத்தமாக எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற எண்) வகுத்து வருகிற செறிவு வீதம். 20 வீதத்துக்குக் கீழே என்றால் குறை பக்கம். சிறுநீரக நோய், இதயப் பலவீனம், வாதம் போன்றவற்றால் ஃபெரிட்டினை நம்ப முடியாதவர்களுக்கு இது தேவை. மற்றவர்களுக்கு ஃபெரிட்டின் தெளிவில்லாமல் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். செய்வதென்றால் காலையில், முதல் நாள் இரும்புக் குளிசையை விட்டுவிட்டு.

## டி.எஸ்.எச்.

மச்சாள் சொன்னது தவறில்லை. களைப்பு, முடி கொட்டுதல், மாதவிடாய் கூடுதல் என்று இரும்புக் குறையின் முகமும் தைரொயிட் குறைவின் முகமும் ஒன்றுதான். பொருளாதாரக் கணக்கிலும் சரி: ஃபெரிட்டினுக்கு எடுத்த அதே குழாயிலேயே பார்க்கலாம். முதல் சுற்றில் டி.எஸ்.எச். மட்டும் போதும். டி.3, டி.4, அன்டிபொடி என்று முழுத் தைரொயிட் பட்டியலையும் முதலிலேயே எடுப்பது வீண்.

பெரும்பாலான லாப்களில் வீச்சு 0.4 முதல் 4 சொச்சம் வரை. இந்த எண் ஏறினால் தைரொயிட் குறைகிறது என்று அர்த்தம், ஆனாலும் 5.6 என்று வந்தால் உடனே வாழ்நாள் குளிசை என்று பயப்பட வேண்டாம். காய்ச்சல் தேறுகிற நேரத்திலும், நித்திரை கெட்ட பிறகும் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறும். 10 க்குக் கீழே, தைரொயிட் ஹோர்மோனான எஃப்.டி.4 சரியாக இருந்தால் வழக்கமாக இரண்டு மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். இரும்பும் தைரொயிட்டும் ஒன்றையொன்று தொடுகிற இடமும் உண்டு. தைரொயிட் ஹோர்மோனைச் செய்கிற நொதிக்கு இரும்பு வேண்டும். இரண்டுக்கும் குளிசை எடுப்பவர் இடையில் நாலு மணித்தியாலம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு தைரொயிட் குளிசையான தைரொக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இப்போது பயோட்டின். முடி கொட்டுகிறது என்றதும் ஃபார்மசியில் வாங்கிப் போடுகிற அந்தக் குளிசைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும். பல லாப் இயந்திரங்களின் வேதியியலே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. இரத்தத்தில் மிதக்கிற பயோட்டின் போய் அதைக் குழப்பும்: டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், எஃப்.டி.4 பொய்யாக ஏறும், சில இயந்திரங்களில் ஃபெரிட்டினும் இறங்கும். தைரொயிட் கூடிவிட்டது போல ஒரு தாள் கையில் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2017 இலேயே இதை எச்சரித்தது. இரத்தம் கொடுக்க இரண்டு நாளாவது முன்னால் நிறுத்துங்கள். இரத்தம் எடுக்கிறவர் இதைப் பற்றிக் கேட்பது குறைவு. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

## ஹோர்மோன் பனல்

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடயோல், புரொலக்டின், ஏ.எம்.எச். என்ற மாதவிடாய், மகப்பேறு ஹோர்மோன்கள், அதோடு மன அழுத்த ஹோர்மோன் கோர்டிசோல். இணையத்தில் அதிகம் பேசப்படுவதும், களைப்பு என்ற ஒற்றைக் காரணத்துக்காகச் செய்தால் மிகக் குறைவாகப் பலன் தருவதும் இதுதான். காரணம் எளிது, இந்த எண்கள் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஆடும். எஃப்.எஸ்.எச். ஐ மாதவிடாயின் 2 முதல் 5 ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். புரொஜெஸ்டரோனை அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால். கோர்டிசோலைக் காலை எட்டு ஒன்பது மணிக்கு. புரொலக்டின் ஊசிப் பயத்துக்கே ஏறும். ஆண்களின் டெஸ்டொஸ்டெரோன் என்றால் காலையில், இரண்டு வேறு நாட்களில். ஞாயிறு பின்னேரம் நேரம் கிடைத்ததே என்று போய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் கிடைக்கிற தாளை எந்த வைத்தியரும் உறுதியாக வாசிக்க முடியாது.

46, 47 வயதில் 'மெனோபோஸ் தொடங்கிவிட்டதோ' என்று கேட்பவர்கள் கவனிக்க: 45 ஐத் தாண்டிய, அறிகுறி உள்ள பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடுகிற நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி. வயதும் மாதவிடாய் மாறுகிற விதமும் போதும். அந்த வயதில் மாதவிடாய் குழம்பிக் கொட்டுகிற நிலை சாதாரணம், அதனால் இரும்பு வடிந்துபோயிருக்கும். ஹோர்மோன் பார்க்க வந்தவருக்கு ஃபெரிட்டின் 7 வந்த சம்பவங்கள் என் நினைவில் ஒன்றல்ல, பல.

சரி, எப்போது இது சரியான தெரிவு? மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றுவிட்டால், 40 க்கு முன்னரே வெப்பக் கொதிப்பு வந்தால், மகப்பேறு அல்லாமல் மார்பில் பால் வந்தால், முகத்தில் முடி வளர்ந்தால், பிள்ளைக்காக முயன்று கொண்டிருந்தால். அப்போதும் எந்த ஹோர்மோன், எத்தனையாம் நாள் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டோடு போங்கள்.

## 42 டெஸ்ட் பெக்கேஜ்

கழிவு விலையின் கவர்ச்சி எனக்கும் தெரியும். ஒரு சின்னக் கணக்கு: லாப் வீச்சுகளைச் சுகமான ஆட்களில் 95 வீதம் பேர் உள்ளே வருமாறு போடுகிறார்கள். அப்படியென்றால் முழுச் சுகமான ஒருவர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் செய்தால், ஏதோ ஒன்றாவது வெளியே விழ 64 வீத வாய்ப்பு. 40 என்றால் 87. நிஜத்தில் டெஸ்டுகள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை, எண் கொஞ்சம் குறையும். ஆனாலும் தடித்த எழுத்தில் ஒரு வரியாவது இல்லாமல் பெக்கேஜ் தாள் வருவது அருமை. இரத்தம் எடுக்கும்போது கையைப் பொத்திப் பொத்தித் திறந்தாலே பொட்டாசியம் ஏறும், தெரியுமா? அந்த ஒரு வரிக்காகக் காலி வீதி நெரிசலில் திரும்ப வந்து, திரும்பக் குத்துவாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிட எரிச்சல்: நான் பார்த்த பல பெக்கேஜ்களில் கொலஸ்டரோல், யூரிக் அசிட், ஈ.சி.ஜி. எல்லாம் இருக்கும், ஃபெரிட்டின் இருக்காது. களைப்புக்காகப் போகிறவர் லீஃப்லெட்டில் முதலில் அந்தச் சொல்லைத் தேடட்டும்.

பெக்கேஜ் பொருந்துகிற ஆள்: 40 தாண்டியும் சீனி, பிரஷர், கொலஸ்டரோல் ஒருநாளும் பார்க்காதவர், அல்லது வேலைசெய்யும் கொம்பனி காசு கட்டுகிறவர். ஆனால் அதில் முக்கியமான பாதியை அரசாங்கத்தின் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக் வேறு.

| தெரிவு | எந்தக் கேள்விக்கு விடை | எதனால் ஏமாறும் | யாருக்கு முதலில் |
|---|---|---|---|
| எஃப்.பி.சி. | சோகை இருக்கிறதா | இரும்பு வடிந்த ஆரம்ப நாட்களில் நோர்மல் என்று காட்டும் | எல்லாருக்கும் அடிப்படை |
| ஃபெரிட்டின் சேர்த்து | இரும்புச் சேமிப்பு | காய்ச்சல், அழற்சி, ஈரல் கொழுப்பு | மாதவிடாய் வருகிற, களைத்த பெண் |
| சீரம் அயன், டி.ஐ.பி.சி. | ஃபெரிட்டின் குழப்பினால் தீர்ப்பு | நேரம், குளிசை, தடிமன் | சிறுநீரகம், இதயம், வாதம் |
| டி.எஸ்.எச். | தைரொயிட் | பயோட்டின், அண்மைய நோய் | ஃபெரிட்டினோடு அதே குழாயில் |
| ஹோர்மோன் பனல் | மாதவிடாய், மகப்பேறு சிக்கல் | நாள், மணி, மன அழுத்தம் | வைத்தியர் துண்டோடு மட்டும் |
| பெக்கேஜ் | சீனி, கொழுப்பு, சிறுநீரகம் | சும்மா விலகிய எண்கள் | 40 தாண்டி ஒன்றும் பார்க்காதவர் |

## அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியார் லாபா

ஓ.பி.டி. யில் காசில்லை. அதைவிடப் பெரிய லாபம், டெஸ்டை முடிவெடுக்கிறவரே ரிப்போர்ட்டையும் வாசிப்பார். விலை, நேரம்: விடிய வரிசை, ஒரு நாள் லீவு, திரும்ப ஒரு நாள். எஃப்.பி.சி. அங்கேயே நடக்கும். ஃபெரிட்டினை வெளியில் செய்து வரச் சொல்லித் துண்டு தருவதும் உண்டு. தனியார் லாபில் துண்டில்லாமல் போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வரலாம், ரிப்போர்ட் ஃபோனுக்கே வரும். ஆனால் அதை வாசிக்க ஆளில்லை. கூகிள் வாசித்துச் சொன்னதை நம்பி நித்திரை இல்லாமல் கிடந்தவர்களின் செய்திகள் எனக்கு இரவு பதினொரு மணிக்கு வரும்.

நான் எடுக்கிற நடுவழி: எஃப்.பி.சி., ஃபெரிட்டின், டி.எஸ்.எச். மூன்றையும் தனியார் லாபில் ஒரே குத்தில் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் குடும்ப வைத்தியரிடம் போவது. விசேட வைத்தியரைச் சனல் பண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு. எந்த லாப் என்பதைவிட, அடுத்த முறையும் அதே லாப் என்பது முக்கியம். இயந்திரத்துக்கு இயந்திரம் ஃபெரிட்டின் எண் வேறுபடும்.

## குறைவாக வந்தால்

குளிசையா, நரம்பில் இரும்பு ஏற்றுகிற ட்ரிப்பா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலோருக்குக் குளிசை. 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் ஒன்றில் உண்மையான இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம். தினமும் போட்டு வயிறு புரட்டி நிறுத்துவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். ஒரு குளிசை போட்டதும் உடம்பு ஹெப்சிடின் என்ற கதவை ஒரு நாளுக்கு அடைத்துவிடுகிறது, அதனால் இடைவெளி விட்டால் ஒவ்வொரு குளிசையிலும் உறிஞ்சுவது கூடும். ட்ரிப், குளிசையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், குடல் நோய் உள்ளவர்களுக்கும், அவசரம் உள்ளவர்களுக்கும். ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில்.

குளிசையின் எதிரி நம் பிளேன்ரீ. காலைச் சாப்பாடு, குளிசை, உடனே ஒரு கோப்பை சாயம் என்றால் பெரும்பகுதி இரும்பு சாயத்தோடு போய்விடும். ஒரு மணித்தியாலமாவது தள்ளுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் நல்ல கூட்டாளி. நாலு கிழமையில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்க வேண்டும். சாக்கு நிறைய இன்னும் மூன்று மாதமாவது போகும், களைப்பு விட்டதென்று இடையில் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை.

அந்த ஆசிரியைக்கு நான் மூன்று டெஸ்ட்தான் சொன்னேன். டி.எஸ்.எச். 2.1. ஃபெரிட்டின் 8. மாதவிடாய் எப்படி என்று கேட்டபோது, "நாலாம் நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாற்ற வேணும், எல்லாருக்கும் அப்படித்தானே அக்கா?" என்றா. அப்படியில்லை. ஸ்கானில் கர்ப்பப்பைக் கட்டி ஒன்று இருந்தது, அதற்கு இப்போது கிளினிக் போகிறா. காலைச் சாப்பாட்டோடு குடித்த பிளேன்ரீயைப் பள்ளிக்கூட இடைவேளைக்கு மாற்றியிருக்கிறா. அடுத்த ஃபெரிட்டின் மூன்று மாதத்தில், அதே லாபில். முடிக்குப் போடுகிற பயோட்டினை இரண்டு நாள் முன்னதாக நிறுத்தும்படி நாட்காட்டியில் இப்போதே எழுதி வைத்துவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தா.